சாமிகிட்ட வைக்கப்பட்ட மூன்று கணினிகள்

பெயர்: சுதாகரன் லோஜினி. வயது: 29. தொழில்: கணினி உத்தியோகத்தர். முகவரி: மேல்பிரிவு, வெண்மேட்டுத் தோட்டம், லிந்துலை. பதிபவர்: பொலிஸ் கொன்ஸ்டபிள் ஷிஹாப்.

நான் மேற்படி முகவரியில் வசிக்கிறேன். எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இந்த முறைப்பாட்டில் பிடித்து வைக்கப்பட்டிருக்கும் வீரம்மா என் தாயாரின் தங்கை, எனக்குச் சித்தி. அதே தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்கிறார். சொந்தக்காரி என்பதால் நான் பொய் சொல்வேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அவர் மீது எனக்கும் கோபம்தான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் விசிறிகளை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு மென்பொருள் இருக்கிறது. அது கன்டெய்னர் எனப்படும் பொட்டலங்களாகக் கட்டப்பட்டு, பல கணினிகள் சேர்ந்த ஒரு கூட்டத்தில் ஓடுகிறது. கன்டெய்னர் என்றால் லொறியில் வருவதா என்று என்னிடம் கேட்கப்பட்டது. இல்லை. கூட்டத்தின் தலைமைக் கணினி கங்காணி மாதிரி நின்று, யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுக்கும். ஒன்று படுத்துவிட்டால் அதன் வேலையை மற்றதன் தலையில் கட்டும். இதை இந்த நிலையத்தில் மூன்றாவது தடவையாக விளக்குகிறேன்.

மேல்மாடியில் புதிய விசிறிகள் பூட்டப்பட்டதால், இருந்த இரண்டு கணினிகள் போதாமல், சோற்றுப் பெட்டி அளவான மூன்று புதிய கணினிகள் வாங்கப்பட்டன. ஆயுத பூஜைக்கு முதல் நாள் அவற்றைக் கூட்டத்தில் சேர்க்க உட்கார்ந்தேன். இது பட்டனை அமுக்கி முடிக்கிற வேலை அல்ல, கறுப்புத் திரையில் கட்டளைகளாகத் தட்டச்சு செய்ய வேண்டும். தலைமைக் கணினியிடம் ஒரு நாளைக்கு மட்டும் செல்லுபடியாகும் இரகசியச் சொல்லை வாங்கி, அதன் பின்னர் ஒவ்வொரு புதிய கணினியிலும் அந்தச் சொல்லைக் கொடுத்து, கூட்டத்தில் சேரும்படி கட்டளையிட வேண்டும். முதலாவது சேர மறுத்தது, அதன் கடிகாரம் பிந்தி ஓடியது. அதைத் திருத்திய பின்னர் சேர்ந்தது. இரண்டாவது ஒழுங்காகச் சேர்ந்தது. மூன்றாவதைக் கொடுத்தால், இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்று திருப்பி அனுப்பியது. விற்றவர்கள் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஒரே பெயரை வைத்து அனுப்பியிருந்தார்கள். பெயரை மாற்றி, அதன் பின்னர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். பகல் சோறு தின்னவில்லை. ஒருவழியாக ஐந்து கணினிகளும் ‘தயார்’ என்று பட்டியலில் வந்ததும் அறையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஆயுத பூஜை. அன்று எங்கள் தொழிற்சாலை ஓடாது. கவ்வாத்துக் கத்தி, ஸ்பேனர், தராசு என்று தூக்கக்கூடிய எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்து அம்மன் கோவிலில் வைப்பார்கள். தூக்க முடியாத இயந்திரங்களுக்கு நின்ற இடத்திலேயே மாலை போடுவார்கள். வைத்துப் பூட்டிய பின்னர், அடுத்த நாள் காலைப் பூஜை முடியும் வரை ஒருவரும் ஒன்றையும் தொடக் கூடாது. தேயிலை தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் நிரஞ்சன், புதிய தராசை மனதில் வைத்துக்கொண்டு என் சித்தியிடம், “புதுசா வந்ததெல்லாம் இன்னும் மொத பூச பாக்கலக்கா, மறக்காம வச்சிருங்க” என்றார். சித்தி தராசோடு நிற்கவில்லை. என் மூன்று கணினிகளின் வயர்களையும் பிடுங்கி, சேலைத் தலைப்பால் மூடிக் கோவிலுக்குக் கொண்டுபோனார். பழைய இரண்டும் அலுமாரிக்குள் பூட்டியிருந்ததால் தப்பின.

வீட்டில் மடிக்கணினியைத் திறந்தபோது மூன்றும் ‘தயாரில்லை’ என்று காட்டின. முந்தைய நாள் பட்ட பாடெல்லாம் வீணா என்று எனக்கு அழுகையே வந்தது. அதன் பின்னர் தொழிற்சாலைக்கு ஏறிப் போய்ப் பார்த்தேன், மேசை வெறுமையாக இருந்தது. முகாமையாளருக்கு அறிவித்தேன். அவர் கெமராவில் சித்தி எதையோ மூடிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தார். அதன் பின்னர், களவு போன மூன்றின் பெயர்களையும் கூட்டத்திலிருந்து வெட்டச் சொன்னார். நான் மறுத்தேன். வெட்டினால் அவை திரும்பி வந்தாலும் கூட்டம் ஏற்காது, வெட்டாமல் விட்டால் மின்சாரம் கிடைத்ததும் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும் என்றேன். அப்படியானால் வீரம்மாவின் பெயரையாவது செக்ரோல் என்கிற வேலையாட்கள் பதிவேட்டில் வெட்டுவதாகச் சொன்னார். அந்தப் பெயர் வெட்டுப்பட்டால் என் சித்திக்கு வேலையும் இல்லை, லயத்தில் குடியிருக்கக் காம்பராவும் இல்லை.

சித்தியை இங்கே கொண்டுவந்தபோது நானும் கூடவே வந்தேன். கோவிலைப் பூட்டியவர் அவர்தான், சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது. “சித்தி, சாவியக் குடுங்க, தொறந்து காட்டிட்டு வீட்டுக்குப் போயிரலாம்” என்று கெஞ்சினேன்.

அதற்கு அவர், “பூச முடியுறதுக்குள்ள கதவத் தொறக்கவா? ஒன் பொட்டிக்காகத் தோட்டத்துக் கத்தி பூராவும் தீட்டாகணுமாடி? நான் இந்த பெஞ்சுலயே இருந்துக்கிறேன், நீ போயி சாப்புடு” என்றார். கோவில் கதவை உடைக்கப் பொலிசாரும் முன்வரவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து அவரைப் பெஞ்சிலேயே இருக்க விட்டோம்.

இன்று காலை பூசாரி அழகுமுத்து வந்து, கொன்ஸ்டபிள் ஷிஹாப் பார்த்திருக்க, சாவியை வாங்கிப் போனார். பூஜை முடிந்ததும் கணினிகளை நிரஞ்சனிடம் கொடுத்து வயர்களைப் பூட்டச் சொல்லும்படி சித்தி அவரிடம் சொல்லி அனுப்பினார். அதன் பின்னர் இந்த வாக்குமூலம் தொடங்கியது. மடிக்கணினியைத் திறந்து இந்த மேசையில் வைத்திருந்தேன். மேலே உள்ளவை எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, பட்டியலில் ஒரு கணினி ‘தயார்’ என்று மாறியது, அதன் பின்னர் இன்னொன்று மாறியது. நான் எந்தக் கட்டளையும் இடவில்லை. மூன்றாவது எங்கே என்று பக்கத்து மேசையிலிருந்த சார்ஜன்ட் கேட்டார். நான் நிரஞ்சனுக்கு அழைத்து, “அண்ணே, மூணாவது ப்ளக்குல யாரு போன் சார்ஜ் போட்டிருக்கிறது?” என்று கேட்டேன்.

“நம்ம போன்தான்” என்றார். சற்று நேரத்தில் மூன்றாவதும் வந்தது. திருடிக்கொண்டு போகிறவர்கள் சாமான் திரும்பி வந்து வேலை செய்கிற மாதிரி ஏற்பாடு செய்துவிட்டுப் போகமாட்டார்கள்.

வீரம்மா பிழை ஏதும் செய்யவில்லையா என்று என்னிடம் கேட்கப்பட்டது. செய்தார். காற்றுப் போகும் துளைகளிலெல்லாம் சந்தனம் அப்பியிருப்பதாக நிரஞ்சன் சொல்கிறார். அதை நானும் சித்தியும் வீட்டில் பேசிக்கொள்வோம், அதற்குப் பொலிஸ் தேவையில்லை.

இன்னுமொன்று. நேற்று இங்கே பணியிலிருந்த உத்தியோகத்தர், நீ எடுத்தாயா என்று சிங்களத்தில் கேட்டபோது, சித்தி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஆம் என்றார். மீதியைத் தமிழில் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். நேற்றைய உத்தியோகத்தர் ஆம் என்பதை மட்டும் எழுதி, அதன் கீழே பெருவிரல் அடையாளம் வாங்கினார். மீதியையும் இதில் எழுதினால்தான் கையொப்பமிடுவேன் என்றேன். கொன்ஸ்டபிள் ஷிஹாப் சார்ஜன்ட்டைப் பார்த்தார். சார்ஜன்ட் எழுதும்படி கை காட்டினார். அதன் பின்னர் பின்வருமாறு எழுதப்பட்டது: “நான்தாங்க எடுத்தேன், அம்மன்கிட்ட வச்சிருக்கேன், காலையில பூச முடிஞ்சதும் குடுத்துருவேன்.”

இதுவரை எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. எல்லாம் நான் கண்டதும் கேட்டதுமான உண்மை. மேலேயுள்ள கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சு. லோஜினி