இடது கைக்கு மட்டும்

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் நன்றாக இருக்கும், சார். எனக்கு லேசாகச் சளி. மற்றபடி எதையும் மறைக்கப் போவதில்லை.

எங்களுடையது மரம் வெட்டுகிற கம்பெனி. மரம் மதில்மேல் சாய்ந்துவிட்டது, கிளை மின்கம்பியில் உரசுகிறது என்று கூப்பிட்டால், ஆறு பேர் கயிறும் சங்கிலி ரம்பமுமாகப் போய் இறங்குவார்கள். நான் பாதுகாப்பு மேற்பார்வையாளர். ரம்பம் ஓடும்போது கையுறையைக் கழற்றக் கூடாது என்பது விதி. எங்கள் கையுறையில் இடது புறங்கைக்கு மட்டும் தடித்த பட்டை உண்டு. ரம்பத்தின் முன்பிடியைப் பிடிப்பது இடது கைதானே; ரம்பம் துள்ளினால் சங்கிலி முதலில் தேடி வருவது அதைத்தான். இதைப் படம் போட்டே விளக்கியிருக்கிறேன். படத்துக்கு மீசை வரைந்து வைத்தார்கள்.

குழுத் தலைவன் என் மனைவியின் தம்பி. கையுறையைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டுதான் மரம் ஏறுவான். ஏற ஏற அதன் ஐந்து விரல்களும் எனக்கு டாட்டா காட்டும்.

"கையில போடு மச்சான். பின்னாடி அவ்வளவு ஆபத்து இல்ல," என்பேன்.

"போங்க மாமா. இதைப் போட்டா போனைத் தள்ள முடியல. மூக்கு அரிச்சா யாரு சொறிவா, நீங்களா?"

ஆறு பேரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

போன தடவை பாதுகாப்புச் சோதனைக்கு வந்த அரசு ஆய்வாளர், இன்னொரு வெறுங்கை கண்ணில் பட்டால் என் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார். என் இடத்துக்கு யார் என்று முதலாளி அப்போதே முடிவு செய்துவிட்டார். "உன் மச்சான்தாம்பா. பசங்க அவன் சொன்னாக் கேக்கறாங்க." கையுறையே போடாதவனுக்குக் கையுறைப் பொறுப்பு.

ஆகவே, அவர் மறுபடி வருகிற ஆய்வு நாளன்று காலையில் கிடங்குக்கு முதல் ஆளாகப் போனேன். பூட்ஸுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற பசையை எடுத்து, கையுறைகளுக்குள் சீராகத் தடவினேன். இடது கையுறைகளில் மட்டும். வலது கையாவது அவர்களுக்கு வேண்டாமா, நான் என்ன அரக்கனா?

"என்ன மாமா, உள்ள ஈரமா இருக்கு?" என்றான் மச்சான்.

"துவைச்சது. அவர் வந்துட்டுப் போற வரைக்கும் போட்டுக்க."

ஆய்வாளர் வந்தார். ஒரு வெறுங்கை கூட இல்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. அதோடு போயிருக்கலாம். "தரமுத்திரை உள்பக்கம் இருக்கும், கழட்டிக் காட்டுங்க," என்றார்.

மச்சான் இழுத்தான். வரவில்லை. ஆய்வாளர் இழுத்தார். மற்ற ஐந்து பேரும் மச்சானின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் இழுத்தார்கள்.

"ஐயோ, தோலு வருது சார்! மாமா, சொல்லுங்க மாமா!"

பிடி நழுவி, ஆய்வாளர் மரத்தூள் குவியலில் போய் விழுந்தார். எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்த உபரி ஜோடியை எடுத்து, முத்திரையைத் தேடி இடது கையுறைக்குள் இடது கையை விட்டார். அதிலும் தடவியிருந்தேன், அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. தடுத்திருக்கலாம்தான். ஆனால் ஓர் அதிகாரி கடமையைச் செய்யும்போது குறுக்கே பேசுவது மரியாதை இல்லையே.

ஆஸ்பத்திரியில் ஏழு பேரும் இடது கையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "ஒவ்வொருத்தரா கேளுங்க," என்றாள் நர்ஸ்.

வெந்நீரில் ஊறவைத்து, சாயங்காலத்துக்குள் ஆறு கைகளை விடுவித்துவிட்டார்கள். மச்சானுடையது மட்டும் வரவில்லை. அவனுக்கு மூன்று பூச்சு.

இதோ, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான். அன்றைக்குப் போட்ட கையுறை, தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை. எங்கள் கம்பெனியில் யாரும் செய்யாத சாதனை.

அந்தப் பசையைக் கரைக்க ஒரு மருந்து இருக்கிறது, சார். பசையோடு இலவசமாகக் கொடுத்தார்கள். என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. 'மாமா சொன்னதுதான் சரி' என்று அவன் ஒரே ஒரு தடவை சொன்னால் போதும், எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நேற்று அழுதுகொண்டே சொன்னான். இன்று காலையிலும் சொன்னான். இன்னும் கொஞ்சம் சொல்லட்டும் என்று பார்க்கிறேன். பாதுகாப்பு விஷயத்தில் அவசரப்படக் கூடாது.