இறால் கறிக்கு வெள்ளை ஒட்டினேன்

“இறாலுக்கு உங்களில என்ன கோவம், மாமா?” என்று அபிசா ஒருநாள் என் கடையில் வைத்துக் கோகுலனிடம் கேட்டாள். அவள் உயிலங்குளத்திலிருந்து எனக்கு அரிசி கொண்டுவரும் பரமேஸ்வரியின் மகள். ஆறு வயது. தன் தட்டிலிருந்த பொரித்த இறால் ஒன்றை அவருக்கு நீட்டியிருந்தாள். அவர் கதிரையோடு பின்னுக்கு நகர்ந்து, அதைத் தின்றால் தனக்கு முகம் வீங்கும், மூச்சு அடைக்கும் என்றார். அதற்குத்தான் அந்தக் கேள்வி. அவர் சிரித்துவிட்டுப் பருப்பையும் சோற்றையும் பிசைந்தார்.

பொலிஸ் ஐயா, நீங்கள் காரணம் கேட்கிறீர்கள். நான் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆண்டவர் படைத்த ஒன்றுக்கு இன்னொன்றில் கோபம் இருக்க முடியாது. பிள்ளைக்கு அன்று யாரும் அதைச் சொல்லவில்லை.

என் பெயர் மார்த்தா. பிறந்தது வங்காலை. போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பிய அடுத்த வருடம் மன்னாரில் அந்தச் சாப்பாட்டுக் கடையைப் போட்டேன். கோகுலன் ஒரு நிவாரண நிறுவனத்து அலுவலர். எந்தக் கறி யாருக்கு ஒத்துவராது என்பதைச் சாப்பாட்டுப் பலகையில் எப்படிக் காட்டுவது என்று கடைக்காரருக்குப் பயிற்சி கொடுத்தார். எங்களில் பாதிப்பேருடைய வீட்டுக்கு அப்போது கதவு வந்திருக்கவில்லை. பயிற்சி வந்துவிட்டது. நான் குறை சொல்லவில்லை. வந்ததை வாங்கிக்கொள்வதுதான் மரியாதை.

இறால், நண்டு, கச்சான் கடலை, முட்டை சேர்ந்த கறிக்குப் பக்கத்தில் சிவப்பு முக்கோணம் ஒட்ட வேண்டும். ஒன்றும் சேராததற்கு வெள்ளை. நான் சொன்னபடியே ஒட்டினேன்.

மறுநாளிலிருந்து இறால் கறியை யாரும் தொடவில்லை. எங்கள் பக்கத்துச் சனத்துக்குச் சிவப்பு முக்கோணம் என்றால் ஒன்றுதான். மிதிவெடி கிடக்கிற காணிக்கு அதைத்தான் நட்டிருந்தார்கள். வெடி எடுத்து முடிந்த காணிக்கு வெள்ளைக் கட்டை.

மீன் லொறி ஓடும் வஸீர் பலகையைப் பார்த்துவிட்டு, “அக்கா, கணவாய்க் கறிப் பக்கம் போகலாமோ? நண்டை இன்னும் கிளியர் பண்ணேல்லைப் போல,” என்றான்.

“வாயை மூடிக்கொண்டு சாப்பிடு.”

“வாயைத் திறக்கத்தான் பயமாக் கிடக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். யாகப்பர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு வலது பாதம் இல்லை. தட்டை மெல்லக் கீழே வைத்தார். உள்ளே வந்தபோது மண்தரையில் பதிந்திருந்த தன் அடையாளங்களைத் தேடி, ஊன்றுகோலை அதே குழிகளில் ஊன்றி, பின்பக்கமாகவே வாசல்வரை போனார்.

அந்த மனிதனை அப்படி நடக்க வைத்த பலகை என்னுடையது.

அடுத்த நாள் காலை ஒவ்வொரு சட்டியிலிருந்தும் நானே முதலில் ஒரு கரண்டி தின்றேன். அரைமணி நேரம் செபமாலை சொல்லிக்கொண்டு காத்திருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே எல்லாச் சிவப்பையும் உரித்துவிட்டு வெள்ளை ஒட்டினேன். பொய் ஒட்டினேன் என்று நீங்கள் எழுதக்கூடாது. வெடி எடுக்கிறவர்களும் நடந்து பார்த்துவிட்டுத்தானே வெள்ளை நடுகிறார்கள். யாகப்பர் வந்து இறால் கறி இரண்டாம் தரமும் கேட்டார்.

கோகுலன் வெள்ளையை வேறு விதமாக வாசிப்பார் என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லமாட்டேன்.

“மார்த்தாக்கா, சம்பலுக்கும் வெள்ளை ஒட்டியிருக்கிறியள். கூனி இறால் இடிச்சுப் போடேல்லைத்தானே?”

“நீங்கள் பழக்கின மாதிரித்தான் தம்பி எல்லாம்.”

அவர் என்னை நம்பினார். ஒரு மனிதர் நம்பிச் சாப்பிடுவதைப் பார்ப்பது பெரிய ஆறுதல். அதுவரை ஒவ்வொரு கவளத்தையும் விரலால் கிளறிப் பார்த்துத்தான் தின்றார். கடலுக்கு நடுவே இருந்துகொண்டு கடலுக்குப் பயந்த சீவியம். அந்தப் பயத்தை மெல்ல மெல்ல எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். சம்பலில் ஒரு சிட்டிகை கூனி. அடுத்த கிழமை இரண்டு.

முதலில் வாய்ச் சொண்டு தடித்தது. அவர் ஊர்த் தண்ணீரில் பழி போட்டார். பிறகு கண் வீங்கியது. சவர்க்காரத்தை மாற்றினார். உடம்பெல்லாம் தடித்தபோது தலையணையைக் கொளுத்தினார். என் கடையை மட்டும் அவர் சந்தேகிக்கவேயில்லை. உடம்பு சரியில்லாத நாட்களில் வேறு எங்கும் தின்னப் பயந்து மூன்று வேளையும் என்னிடமே வந்தார். நான் கூடுதலாகக் கவனித்தேன். இறாலும் கூட்டினேன். பாதியில் விட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

வெறுப்பில் செய்தேனோ என்று கேட்டீர்கள். திரும்பி வந்தபோது என் அடையாள அட்டை தொலைந்திருந்தது. மீள்குடியேற்றப் பட்டியலில் என் பெயர் இல்லை. அரசாங்கக் கந்தோரில் எல்லோரும் கைவிரித்த பிறகு, கோகுலன் தறப்பாள் கொட்டிலுக்குள் என் பக்கத்தில் குந்தியிருந்து ஆறு படிவம் நிரப்பினார். அதை வெளியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட மனிதரை நான் வெறுப்பேனோ?

உயிர்ப்பு ஞாயிறன்று அவருக்கென்று தனியாகப் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினேன். மரக்கறிக் கூழ் என்று சொன்னேன். இறால் கண்ணில் பட்டால் மனம் பயந்துவிடும் என்பதால் நன்றாக அரைத்துக் கரைத்திருந்தேன். ஏறக்குறைய ஒரு றாத்தல். “இப்பிடி ருசியா நான் குடிச்சதேயில்லை, அக்கா,” என்றார். இரண்டாவது கோப்பை முடியுமுன் கதிரையோடு சாய்ந்தார். வஸீர்தான் லொறியில் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனான். நான் பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே இருந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

மூன்று நாள் கழித்துக் கண் திறந்தார். மெலிந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அங்கே வெறும் கஞ்சிதான் கொடுக்கிறார்கள். அதில் என்ன சத்து.

உங்களுடைய ஆட்கள் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். இன்று காலை நடந்தது அதில் இருக்காது. ஆகவே நானே சொல்கிறேன். இறால் தலைகளை அவித்து, வடித்து, அந்தத் தண்ணீரில் கஞ்சி வைத்துக்கொண்டு போனேன். தாதி அடுத்த வார்ட்டுக்குப் போயிருந்தா. பக்கத்துக் கட்டில் வெறுமை. அப்படித்தான் நானும் விரும்பினேன். அவர் எனக்குச் செய்ததும் ஒருவரும் பார்க்காமல்தானே. தலையைத் தாங்கிப் பிடித்துக் கரண்டி கரண்டியாகப் பருக்கினேன். கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

சற்று நேரத்தில் கன்னம் இரண்டும் பழையபடி நிறைந்து, பிள்ளையின் முகம்போல வட்டமாக வந்துவிட்டது. பிறகு மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு ஆழ்ந்த நித்திரை. எழுப்ப மனம் வராமல் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, நீங்கள் வரச் சொன்ன நேரத்துக்கு இங்கே வந்துவிட்டேன்.