வலை காயட்டும்

ஹார்லன் டில்சன் நினைவு மலர்க் குழுவினருக்கு, இராமநாதபுரம் மனு எழுத்தர் தவசி எழுதுவது. மார்ச், 1961.

அவர் கடைசியாகக் கடலில் இறங்கிய அன்று காலை மண்டபம் கரையில் மூன்றே பேர் இருந்தோம். அமெரிக்க ஒளிப்பதிவாளர் டில்சன் கேமராப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். வள்ளக்காரர் கபீர் தம் வள்ளத்தின் விளிம்பில். இருவர் பேச்சையும் மொழிபெயர்க்க வந்த நான் நடுவில், மணலில் துண்டை விரித்து. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்ததால் சட்டைப் பைக்குள்ளெல்லாம் மணல்.

டில்சனின் தொழிலையும் செல்வாக்கையும் பற்றி எனக்குத் தெரிந்ததைக் கேட்டிருக்கிறீர்கள். இருபத்தெட்டுப் படங்கள் என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். அவர் வழி எளிமையானது. பத்து விளக்கு இருந்தால் ஒன்பதை அணைப்பார். மிச்சமுள்ள ஒன்றையும் ஆளின் முதுகுக்குப் பின்னால் வைப்பார்.

1954இல் பாம்பனில் எடுத்த படத்தில் எனக்கு ஸ்டேஷன் மாஸ்டர் வேஷம். கொடி அசைத்து ஒரு வரி பேசினேன். இரண்டு வருஷம் கழித்து உச்சிப்புளிக் கொட்டகைக்கு அந்தப் படம் வந்தபோது, என் மனைவி வெள்ளையம்மாளையும் உறவுக்காரர் முப்பது பேரையும் வண்டி கட்டி அழைத்துப் போனேன்.

திரையில் ஒரு கறுப்பு உருவம் கொடி அசைத்தது.

"ஏலே, தவசி எங்கனடா?"

"அந்தா இருட்டு நிக்கிதுல்ல, அதுதான். கொடிக்கு மட்டும் வெளிச்சம் போட்டிருக்காக."

கொட்டகையே சிரித்தது. வெள்ளையம்மாளும் சிரித்தாள். அன்றிலிருந்து நான் இருட்டுத் தவசி. மனு எழுத வருகிறவர்களும் அப்படித்தான் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். சோறு போடும்போது அவள், "விளக்கைக் கிட்டக்க வைக்கவா, மொகம் தெரியலையே" என்பாள். சென்னைப் படங்களிலும் இப்போது முகத்தை இருட்டில் வைக்கிறார்களாம். செல்வாக்கு என்று கேட்டீர்களே, அது எங்கள் வீட்டுக்கு 1956லேயே வந்துவிட்டது.

1958இல் அவர் திரும்பி வந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நானே சொன்னேன். "அந்த உருவமா? அருமை. முகம் தெரிந்திருந்தால் காட்சி கெட்டிருக்கும்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

அந்தக் காலை, எதிரே தெரிந்த தீவுக்கு அப்பால் போய் மேகம் திரளும் வெளிச்சத்தைப் படமெடுக்க வேண்டும் என்றார். கபீர் கடலைப் பார்த்தார்.

"வலை காயட்டும்ணே."

எங்கள் கரையில் கடலுக்கு முன்னால் 'வேண்டாம்' என்று யாரும் சொல்வதில்லை, ஆகாத சொல். வலை காயட்டும் என்றால், இன்று இறங்கினால் உயிர் தங்காது என்று பொருள். நான் படித்த பள்ளிக்கூடத்தில் மொழிபெயர்ப்பு என்றால் சொல்லுக்குச் சொல். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. "வலைகள் காயட்டும் என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"நல்லதாகப் போயிற்று, வள்ளம் சும்மாதானே இருக்கிறது" என்று டில்சன் பெட்டியை ஏற்றினார்.

கபீர் என்னைப் பார்த்தார். "சொல்லிட்டீகளாண்ணே?"

"சொல்லிட்டேன்."

"தெரிஞ்சுமா ஏறுறாரு?"

"ஏறிட்டாருல்ல."

"கிறுக்குப் பிடிச்ச மனுசன். தனியா விட்டா அல்லாவுக்கு நான்ல பதில் சொல்லணும்" என்று அவரும் ஏறினார்.

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வள்ளம் கொஞ்ச நேரம் இருந்தது. நான் துண்டை உதறி மடித்தேன்.

மூன்றாம் நாள் இருவரும் பிணமாகக் கரை ஒதுங்கினார்கள். கபீர் எச்சரித்தாரா என்று போலீஸ் கேட்டது. எச்சரித்தார் என்றேன். துரையிடம் சொன்னீரா என்றார்கள். சொன்னேன் என்றேன். இரண்டும் உண்மை. கபீரின் மனைவி உம்மு ஹபீபாவுக்கு உதவி கேட்டு மனு எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

டில்சன் சாக வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். கபீர் ஏறுவார் என்று நினைக்கவில்லை. ஏறியபோது தடுத்திருக்கலாம், தடுத்தால் டில்சன் காரணம் கேட்டிருப்பார்.

அச்சிடும்போது ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். இத்துடன் என் புகைப்படம் இருக்கிறது, இரண்டு பக்கமும் விளக்கு வைத்து எடுத்தது. சற்றுப் பெரிதாகவே போடவும்.

இனி உறையில் போட்டு ஒட்டி வெள்ளையம்மாளிடம் கொடுக்கிறேன். தபாலில் சேர்த்துவிடுவாள். இருவரும் கரை ஒதுங்கிய அந்த ஆனி மாதத்திலிருந்து அவள் என்னைப் பார்த்துச் சிரித்ததே இல்லை. நான் இருக்கும் அறையில் நிற்பதுகூட இல்லை. அவ்வளவு மரியாதை.