தம்பியின் நெஞ்சுக் கதவு

மாலையின் கனத்தில் கழுத்து சாய்ந்தாலும் தலைமை சாயாத ஊர்க்கவுண்டர் தீர்த்தகிரி பெரியப்பா அவர்களே! சாமைக் கொல்லையை விட்டு வந்து என் பேச்சில் மாட்டிக்கொண்ட பெரியோர்களே! மடியில் வேர்க்கடலையும் கையில் பிள்ளையுமாய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! ஒன்பதாம் வகுப்பு காந்தாவின் வணக்கம்!

பேச்சுப் போட்டிக்குச் ‘சுகாதாரம்’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். நான் பல் முளைக்காத என் தம்பியைப் பற்றிப் பேசுகிறேன். அவனுக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தது. என்ன செய்தோம்? வழக்கம்போல விளக்கில் சுட்ட மஞ்சள் கொம்பால் வயிற்றில் சூடு போட்டோம்! போட்டவர் யார்? பெயர் சொல்ல மாட்டேன். மாலை போட்டிருக்கிறார்.

சிரிக்காதீர்கள். உங்கள் வயிற்றிலும் தழும்பு உண்டு.

சூடு புண்ணானது, புண் சீழானது, சீழ் கிருமிக்குச் சிம்மாசனமானது! அந்தக் கிருமி டிக்கெட் எடுக்காமல் இரத்தத்தில் ஏறி இதயத்தில் இறங்கியது. இதயத்துக்குள் கதவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் கரையானைப் போலக் கூடு கட்டிவிட்டது. தம்பி பால் குடிக்கவும் மூச்சு வாங்கினான்.

மலைக்குக் கீழே ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார்: “வாரக்கணக்குல ஊசி போடணும். காய்ச்சல் நின்னாலும் பாதியில இட்டுனு போகாதீங்க. கதவு ஓட்டையாச்சுன்னா புள்ள தாங்காது.”

அம்மா தம்பியோடு அங்கேயே தங்கினார். சில வாரத்தில் காய்ச்சல் நின்றது. உடனே பெரியப்பா, “பாத்தியா அர்ச்சுனா, நான் போட்ட சூடு இப்பத்தான் வேல செய்து! போய் புள்ளய இட்டாந்துடு” என்றார். அப்பா பையை எடுத்துவிட்டார்; இதோ, பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்.

இத்தனை வாரம் கழித்தா சூடு வேலை செய்யும்? நம் மலை பஸ்கூட அவ்வளவு தாமதமாக வராதே!

என்ன பச்சையம்மா சித்தி? “ஏண்டி, பெரியவங்கள எதுத்துப் பேசற?” என்றா கேட்கிறீர்கள்? எதிர்த்துப் பேசவில்லை சித்தி, மைக்கில் பேசுகிறேன். மேடையை விட்டு இறங்கினால் பேச விடுவீர்களா?

அதற்குள் மணியடிக்கிறீர்களே, பெரியப்பா! என் பேச்சைப் பாதியில் நிறுத்துங்கள். ஒரு சோப்பு டப்பா பரிசு போகும். ஊசியைப் பாதியில் நிறுத்தினால் போவது எது? கரையானைப் பாதி சுரண்டிவிட்டுக் கதவு பிழைத்தது என்பீர்களா? அது உங்கள் வூட்டுக் கதவென்றால் விடுவீர்களா?

அப்பா! பஸ் ஹாரன் கேட்கிறது. போங்கள். ஆனால் தம்பியைத் தூக்கி வர அல்ல. அம்மாவுக்குத் துணையாய் உட்கார.

பெரியப்பா, என்ன முணுமுணுக்கிறீர்கள்? இந்தாருங்கள் மைக். அப்பாவுக்குக் கேட்கட்டும்.

“அர்ச்சுனா… ஊசி முடியட்டும்பா. அங்கியே இரு.”

கேட்டீர்களா? கைதட்டுங்கள்! தலைமைக்கு என் நன்றி, சபைக்கு என் வணக்கம். பெரியப்பா, இப்போது மணியடியுங்கள்!