சோணமுத்து உட்கார்ந்த செக்கு

அந்தக் காலத்தில் கூத்தனேந்தல், கூத்தனேந்தல் என்று ஒரு ஊர். ஊருக்கு நாற்பது வீடு. வீட்டுக்கு ஒன்றிரண்டு இலுப்பை மரம். நாற்பது வீட்டுக்கும் ஒரே ஒரு கல்செக்கு. அதை ஓட்டியவர் வெள்ளைக்கண்ணு. தன் அக்காள் புருஷன் சோணமுத்துவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது எந்தச் சுற்றில் என்று அவரால் சாகும்வரை சொல்ல முடியவில்லையாம்.

"வெத்தலை கேட்டாரு, குடுத்தேன். அது நாலாஞ் சுத்து. அப்புறம் ஏழெட்டுச் சுத்து பேச்சைக் காணோம். தின்ன களைப்புல அத்தான் தூங்குறாருன்னு நெனச்சு மாட்டை ஓட்டிக்கிட்டே இருந்தேன்" என்பாராம்.

அது தூக்கம் இல்லை. ஆனால் சோணமுத்து உட்கார்ந்த இடத்தை விட்டுச் சரியவும் இல்லை. அன்றைக்கு ஆட்டிய பருப்புக்கு வர வேண்டிய எண்ணெய் ஒரு சொட்டுக் குறையாமல் இறங்கியதாம். "உசுருதான் போச்சு, பாரம் போகலை" என்று ஊரில் சொன்னார்கள். அழுதுகொண்டே சொன்னார்கள், சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். சோணமுத்துவின் கதை அப்படிப்பட்டது.

செக்கின் கல்லுரலில் நிற்கும் உலக்கையோடு சேர்த்து ஒரு நீண்ட மரம் கட்டியிருக்கும். மாடு அதை இழுத்துக்கொண்டு சுற்றும். மரத்தின் மேல் பாரம் ஏற்றினால்தான் உலக்கை அழுந்தும்; அழுந்தினால்தான் எண்ணெய் வரும். மற்ற ஊர்களில் கல்லை ஏற்றுவார்கள். கூத்தனேந்தலில் சோணமுத்துவை ஏற்றினார்கள். ஏன் என்றால் அவர் அவ்வளவு பெரிய ஆள். அவர் ஏறினால் கட்டில் கால் விரியும், பரிசல் தாழும், விருந்துக்குப் போனால் பெண் வீட்டார் இன்னொரு உலை வைப்பார்கள். ஊரில் அவரால் ஆகிற வேலை ஒன்றும் இல்லை, செக்கில் உட்காருவதைத் தவிர. அதை அவர் ஒழுங்காகச் செய்தார். ஆனி, ஆடியில் கொட்டை பொறுக்கி, உடைத்து, பருப்பைக் காயவைத்து நாற்பது வீட்டாரும் ஒரே குவியலாகக் கொட்டுவார்கள். ஆட்டி முடித்ததும் அவரவர் போட்ட அளவுக்கு எண்ணெய் எடுத்துப் போவார்கள். வருஷம் முழுக்க விளக்குக்கும் அதுதான், பணியாரத்துக்கும் அதுதான்.

ஒரு வருஷம் ஊர் மாடுகளுக்குக் காணை வந்தது. வாயில் புண், குளம்பில் புண். ஒரு மாடுகூட எழுந்து நிற்கவில்லை. ஆவணி பிறந்து மேகம் கட்ட ஆரம்பித்துவிட்டது. நாற்பது வீட்டுப் பருப்பும் செக்கடியில் குவிந்து கிடக்கிறது. ஒரு மழை இறங்கினால் பூசணம் பிடித்துவிடும். பூசணம் பிடித்தால் ஒரு வருஷத்துக்கு ஊரே இருட்டு.

வெள்ளைக்கண்ணு வடக்குத் தெருவுக்கு ஓடினார். "ஆளுக்கு நாலு சுத்து தள்ளுங்கப்பா" என்றார்.

"தெக்குத் தெருக்காரன் பருப்பும் அதுலதான கெடக்கு? அவனுக்கு நாங்க மாடா?" என்றார்கள்.

தெற்குத் தெருவுக்கு ஓடினார். அங்கேயும் அதே பேச்சு, தெரு மட்டும் மாறியது.

இரண்டு தெருவுக்கும் பேச்சுவார்த்தை நின்று இரண்டு மாசம் ஆகியிருந்தது. காரணம் ஒரு மரம். வடக்குத் தெரு கொப்பாத்தாளின் நிலத்தில் அடி, தெற்குத் தெரு இருளாண்டியின் நிலத்தில் நுனி. சாய்ந்து வளர்ந்த இலுப்பை. கொட்டை எல்லாம் இருளாண்டியின் மண்ணில் விழும். மரம் என்னுது என்பாள் அவள். மண்ணு என்னுது என்பான் அவன். அவளுக்கு ஒரு தெரு சேர்ந்தது, அவனுக்கு ஒரு தெரு சேர்ந்தது.

வெள்ளைக்கண்ணு செக்கடிக்குத் திரும்பி வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார். சோணமுத்து வழக்கம்போல செக்கு மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். மாடு இல்லை, சுற்று இல்லை, ஆனாலும் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தோதான அகலத்தில் ஊரில் வேறு இடம் இல்லை.

அப்போது கொப்பாத்தாள் வந்தாள். சோணமுத்து அவளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை.

"அண்ணே, நீயே ஒரு ஞாயத்தைச் சொல்லு. அந்த இருளாண்டி இன்னைக்கும் வந்து…"

"ஆத்தா, எனக்கு அந்தப் பக்கத்துக் காது மந்தம். கிட்ட வா. மரத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னு சொல்லு."

பிடித்தாள். சொன்னாள். கொப்பாத்தாளுக்கு நின்று பேசி வழக்கமில்லை. கோபம் ஏற ஏறக் காலும் நகரும். கால் நகர நகர மரமும் நகர்ந்தது. கிறீச் என்று உலக்கை திரும்பியது. வெள்ளைக்கண்ணு தலையிலிருந்து கையை எடுத்தார்.

"அப்புறம்?" என்றார் சோணமுத்து.

அப்புறம் என்று கேட்டால் போதாதா? செக்கு சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. வெள்ளைக்கண்ணு சத்தமில்லாமல் ஒரு கூடை பருப்பை அள்ளி உரலில் கொட்டினார்.

அவள் ஒருத்தியாகப் போய் ஞாயம் கேட்கிறாள் என்று யாரோ சொல்ல, இருளாண்டி ஓடி வந்தான். "அப்பு, இந்தப் பொம்பளை பேச்சை நம்பாதீக."

"உன் பேச்சையும் கேப்பம்ல. ஆத்தாளுக்கு அந்தப் பக்கம் புடி."

சோணமுத்துவின் காதுக்குத் தன் வார்த்தை முதலில் போக வேண்டும் என்று இருவரும் முண்டினார்கள். முண்டினால் செக்கு ஓடும். சாட்சி சொல்ல இவள் பக்கம் மூன்று பேர், அவன் பக்கம் நாலு பேர். இடமில்லாமல் கயிறு கட்டி இழுத்துக்கொண்டே சாட்சி சொன்னார்கள். இரண்டு மாடு இழுத்தாலும் அந்த வேகம் வராது. பொழுது சாயும் நேரம் சோணமுத்து சொன்னார்: "எனக்கு இன்னும் பிடிபடலை. காலையில வாங்க. மரம் எந்தப் பக்கம் சாஞ்சுச்சுங்கறதுலருந்து திரும்பச் சொல்லுங்க."

காலையில் வந்தார்கள். மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். மேகம் மலையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் ஒரு விபரீதம் நடந்தது. கொப்பாத்தாள் திடீரென்று, "ஏன் நொண்டுற?" என்று கேட்டாள். "பித்தவெடிப்பு" என்றான் இருளாண்டி. "இலுப்பெண்ணெயில மஞ்சளைக் கொழச்சுப் பூசு, கேக்கும்" என்றாள் அவள். நல்ல மனசாகச் சொன்னாள். மரத்தின் ஓட்டம் தளர்ந்தது. குவியலில் பாதி அப்படியே கிடக்கிறது. சமாதானம் வந்துவிட்டதே என்று வெள்ளைக்கண்ணு சோணமுத்துவிடம் ஓடினாராம்.

"அத்தான்" என்றார் மெல்ல.

"கவலைப்படாத மாப்ளே" என்ற சோணமுத்து, மேலே பார்த்தபடி பொதுவாகக் கேட்டார்: "ஆமா ஆத்தா, போன கோயில் கொடையில இருளாண்டி உன் மாமியாளைப் பத்தி என்னமோ சொன்னான்னியே, அது என்னது?"

செக்கு பறந்தது. அன்றைக்கு மட்டும் ஆறு கூடை.

ஒன்பதாம் நாள் கடைசிக் கூடை உரலில் கிடக்கும்போது கொப்பாத்தாளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. அவள் இருளாண்டியைப் பார்த்தாள். அவன் செருமிக்கொண்டு, அவள் வழக்கை அவளுக்காகச் சொல்ல ஆரம்பித்தானாம்.

"அந்த மரம் ஆத்தாளோட மாமனார் வச்சது. பஞ்சத்துல குடத்துத் தண்ணி சுமந்து ஊத்தினது. அது சாஞ்சது காத்துக் குத்தம், மரத்துக் குத்தம் இல்லை."

ஒன்பது நாளாகக் கேட்டதில் ஒரு சொல் விடவில்லை. தண்ணீர் சுமந்த குடத்தின் விளிம்பு உடைந்திருந்ததைக்கூடச் சொன்னான். அவள் தலையை ஆட்டி ஆட்டிச் சரி பார்த்தாள். முடித்தபோது எதிர்த்துப் பேச ஆள் இல்லை. எதிர்த்துப் பேச வேண்டியவன் அவன்தான்.

"பொறுக்குறதைப் பாதி பாதி வச்சுக்குவம்" என்றான்.

உலக்கை வெறும் உரலில் கடகடத்தது. அப்போதுதான் கொப்பாத்தாள் திரும்பிப் பார்த்தாள். குவியல் இருந்த இடத்தில் தரை தெரிந்தது. சுவரோரம் குடம் குடமாக எண்ணெய். மரத்தைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். சாட்சிக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கயிற்றைக் கீழே போட்டார்கள். வெள்ளைக்கண்ணு உரலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

கட்டிய தொண்டையில் அவள் கேட்டாளாம்: "வெள்ளைக்கண்ணு, ஒம்பது நாள் சுத்தியிருக்கோம். வைக்கோல் எங்க?"

முதலில் சிரித்தவன் இருளாண்டி. பிறகு இரண்டு தெருவும் சிரித்தது. எண்ணெயைத் தூக்கிக்கொண்டு வீடு போய்ச் சேரவும் மழை இறங்கவும் சரியாக இருந்ததாம். அடுத்த வருஷம் மாடுகள் நன்றாக இருந்தன. அப்படியும் பருப்புக் குவிந்த அன்றைக்கு இருவரும் தாங்களாகவே வந்து, "ஒரு வழக்கு இருக்கு" என்று மரத்தைப் பிடித்தார்களாம்.

அதிலிருந்து கூத்தனேந்தலில் ஒரு வழக்கம். யாருக்கு யாரோடு சண்டை என்றாலும் முதலில் செக்கடிக்குப் போக வேண்டும். மரத்தைப் பிடித்து ஏழு சுற்று. சுற்றும்போது தன் பக்கத்தைச் சொல்லக்கூடாது, எதிராளி பக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரு சொல் தப்பினாலும் முதலிலிருந்து சுற்ற வேண்டும். ஊர்க்கூட்டம் அதற்கப்புறம்தான். பெரும்பாலும் கூட்டம் போட வேலை இருக்காதாம்.

சோணமுத்து போன பிறகு பாரத்துக்குக் கல் தேடினார்கள். அவரை யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. அவர் ஏறி உட்காரும்போது மரம் ஒரு முனகல் முனகும். அந்தச் சத்தம் வெள்ளைக்கண்ணுவின் காதுக்குத் தெரியும். ஒவ்வொரு கல்லாக ஏற்றிப் பார்த்து, "இல்லை, இல்லை" என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் ஏரிக்கரையிலிருந்து ஒரு கல் வந்தது. மரம் முனகியது. "இதான்" என்றார் வெள்ளைக்கண்ணு.

கொப்பாத்தாள் அப்போது கிழவி. "இது அண்ணன் சாப்பிடுறதுக்கு முந்தி இருந்த கனம்" என்றாளாம். அதனால் மேலே இன்னொரு சின்னக் கல்லும் வைத்தார்கள்.

செக்கு மரத்தைக் கறையான் தின்றுவிட்டது. பெரிய கல்லும் சின்னக் கல்லும் செக்கடியில் கிடக்கின்றன. பெரியதைப் புரட்ட நாலு ஆள் வேண்டும்.