ஏழு வருஷம் தாங்கும்

சாளை மீன் குழம்பு எனக்குப் பிடிக்கும். தூத்துக்குடியை விட்டு வந்த பிறகு அதை வயிறாரச் சாப்பிட்டது நெல்லித்தோப்பில், கண்ணையன் வீட்டில்தான்.

அவர் அந்த ஊர்த் துணி மில்லின் பவர் ஹவுஸில் பாய்லர் பார்த்தவர். அந்தப் பாய்லர் குழாய்கள் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று கணக்குப் போட, 1978இல் மெட்ராஸ் கம்பெனி என்னை அனுப்பியது. மீட்டரை வைத்துக் குழாயின் கனத்தை அளக்க வேண்டும். புதிதில் ஐந்து மில்லிமீட்டர். இரண்டே முக்காலுக்குக் கீழே போனால் வெடிக்கும். வருஷத்துக்குக் கால் மில்லிமீட்டர் தேயும். மீதி வெறும் வகுத்தல்.

மூன்று வாரமும் சாப்பாடு அவர் வீட்டில்.

"பொண்டாட்டிய விட பாய்லரதான் சார் எனக்கு நல்லாத் தெரியும்."

"அப்ப அதையே சோறாக்கிப் போடச் சொல்லு," என்றார் அவர் மனைவி வசந்தா. "தம்பி, நீங்க சாப்புடுங்க."

கடைசி நாள், பின்சுவர் வளைவில் ஒரு குழாய் மூன்று காட்டியது. திரும்பத் திரும்ப அளந்தேன். மூன்றுதான். ஒரே வருஷம்.

கண்ணையன் என் முகத்தைப் பார்த்தார். "நல்ல நம்பரா எழுதுங்க சார். பாய்லர நிறுத்துனா மில்ல மூடிருவானுங்க. நானூறு குடும்பம்."

மூன்றை எழுதிவிட்டு அவர் வீட்டில் எப்படிப் போய் உட்காருவது? நாலரை என்று எழுதினேன்.

"எவ்ளோ சார் தாங்கும்?"

"ஏழு வருஷம்," என்றேன். உண்மையைச் சொன்னால் பயந்துகொண்டே வேலை பார்ப்பார்.

பதினோராவது மாதம் அந்தக் குழாய் வெடித்தது. கண்ணையன் அதற்கு நேர் எதிரில் நின்றிருந்தார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார்.

காரணம் எழுதவும் என்னையே கூப்பிட்டார்கள். குழாய் தேய்ந்திருந்தது என்று எழுதினால் என் பழைய அறிக்கையை எடுப்பார்கள். நான் என்ன செய்ய முடியும்? பாய்லரில் தண்ணீர் இறங்கிக் குழாய் காய்ந்ததைக் கண்ணையன் கவனிக்கவில்லை என்று எழுதினேன். இறந்தவருக்கு இனி வேலை போகாது. வசந்தாவுக்கு நஷ்டஈடு தர முடியாது என்றது மில். அது அவர்கள் எடுத்த முடிவு.

இப்போது வசந்தா தேங்காய்த்திட்டு மீன் ஏலத்தில் கூடை தூக்குகிறார். மெட்ராஸிலிருந்து மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

போன வாரம் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "தண்ணியப் பாக்காம எதப் பராக்கு பாத்துக்கிட்டு நின்னாரோ. உங்க கணக்குக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டாரு தம்பி."

"விடுங்கக்கா," என்றேன். "போனவரத் திட்டாதீங்க."

மனசாரத்தான் சொன்னேன். கண்ணையன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.