ஒரே பக்கத்தில் இரண்டு காடுகள்

கம்ப்யூட்டர் அறையில் குளிர் தாங்காது, இன்ஸ்பெக்டர். லாபு பக்கத்து எஸ்டேட்டுகளில் சுவெட்டர் போட்டுக் கணக்கெழுதும் ஒரே கிராணி இந்த முனியாண்டிதான். எல்லாரும் சிரிப்பார்கள்.

அர்ச்சுனனுக்குக் குளிராது. இளரத்தம். சுங்கை காடுட் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பழகிவிட்டு, தொண்ணூறில் எங்களுக்குத் தலைமைக் கிராணியாக வந்தான். அந்த நாற்காலிக்காக நான் காத்திருந்த காலமெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். நேற்று முளைத்த காளானிடம் வேலை கேட்டு நிற்க வேண்டியிருந்தது. வயிறு எரிந்தது, மறைக்கவில்லை.

எந்த ரப்பர் காட்டில் மறுநாள் என்ன வேலை என்று நாங்கள் இருவரும் ஆளுக்கொரு திரையில், ஒரே நேரத்தில் பதிவோம். மெஷின் உள்ளே நாலைந்து காடுகளை ஒரே பக்கமாக வைத்திருக்கும். ஒரு பதிவை ரத்து செய்தால் அந்தக் காட்டை மட்டும் மாற்ற வேண்டும். பழைய பக்கத்தை அப்படியே திருப்பிப் போட்டால், இடையில் அடுத்தவன் பதிந்ததும் அதோடு போய்விடும்.

அர்ச்சுனனே சொல்லியிருந்தான். "அண்ணே, முழுப் பக்கத்தையும் திருப்பிடாதீங்கலா. என்னோடதும் சேந்து போயிரும்."

அன்று மாலை பதினோராம் காட்டுக்கு உரம் என்று நான் பதிந்தேன். பிறகு அவன் அதே பக்கத்தில், ஒன்பதாம் காட்டில் நாளை மரம் சாய்க்கிறார்கள், பால்மரம் சீவ யாரும் போகக்கூடாது என்று பதிந்துவிட்டு வீட்டுக்குப் போனான். அப்புறம் உர லோரி வராது என்று தகவல் வந்தது. என் பதிவை ரத்து செய்ய நியாயமான காரணம் கிடைத்துவிட்டது. முழுப் பக்கத்தையும் திருப்பினேன்.

அவன் பதிந்தது போய்விட்டது. மேனேஜர் முன்னால் அவன் கைகட்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அழிந்ததை மெஷினிலேயே மீட்க வழி உண்டு. அதுவும் எனக்குத் தெரியும். மீட்கவில்லை.

முன்பெல்லாம் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் சன்னாசி காட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான், காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, யார் எந்தக் காட்டுக்கு என்று பிரிப்பார். மெஷின் வந்ததும் நிர்வாகம் அந்தச் சுற்றை நிறுத்தச் சொன்னது. "மெஷின் சொன்னா சரிதான்லா" என்று அவரும் பழகிவிட்டார். மறுநாள் காலை ஒன்பதாம் காட்டுக்குப் பெண்களை அனுப்பினார்.

ரம்பச் சத்தம் கேட்டு மற்றவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். அவர்களில் பஞ்சாலை என்பவளுக்குக் காது மந்தம். மரம் அவள் மேல் விழுந்தது.

அர்ச்சுனனை நீங்கள் ஜீப்பில் ஏற்றினீர்கள். "நான் பதிஞ்சேன் சார், சத்தியமா பதிஞ்சேன்" என்று அழுதான். பாவமாகத்தான் இருந்தது.

அன்று பெரட்டு நடக்கும்போது நான் ஆபீசில்தான் இருந்தேன். பஞ்சாலை வாளியைத் தூக்கிக்கொண்டு ஒன்பதாம் காட்டுப் பக்கம் திரும்புவது ஜன்னலில் தெரிந்தது. சன்னாசியை ஒரு குரல் கூப்பிட்டிருந்தால் அவளை நிறுத்தியிருப்பார். விபத்தும் நடந்திருக்காது. நடக்காத விபத்துக்கு அர்ச்சுனனை யார் தண்டிப்பார்கள்? நான் ஜன்னலைச் சாத்தினேன்.